பாத்திரக் கடைக்கு ஒரு பில் நிரல்: டிகின்டரா, க்யூட்டியா, எங்கே தொடங்குவது?

பாத்திரக்கடை மருமகன் | சனி, இரவு 9.14

வணக்கம். கும்பகோணத்தில் என் மாமா வாடகைப் பாத்திரக் கடை வைத்திருக்கிறார். அண்டா, கொப்பரை, குத்துவிளக்கு, ஜமுக்காளம், நாற்காலி, ஷாமியானா. எது யார் வீட்டுக்குப் போனது, எது திரும்பி வரவில்லை என்பதையெல்லாம் ஒரு நீளப் பேரேட்டில் எழுதி வைக்கிறார். போன ஆவணியில் இரண்டு கொப்பரைகள் எந்த வீட்டில் தங்கிவிட்டன என்பது இன்றுவரை தெரியாது. "நீதான் கம்ப்யூட்டர் படிக்கிறாயே, இதற்கு ஒன்று எழுதிக் கொடு" என்றுவிட்டார்.

பைத்தான் நிரல்மொழி ஓரளவு தெரியும். ஆனால் இதுவரை எழுதியதெல்லாம் கறுப்புத் திரையில் கேள்வி கேட்டுப் பதில் வாங்கும் நிரல்கள்தான். சாளரம், பொத்தான் எதையும் தொட்டதில்லை. தேடினால் டிகின்டர், பைக்யூட்டி, பைசைடு, ஜிடிகே, டபிள்யூஎக்ஸ், கிவி என்று சாளரம் எழுதும் கருவித்தொகுதிகளின் பெயர்கள் கொட்டுகின்றன. எதில் தொடங்குவது? மாமாவுக்கு ஆங்கிலம் வராது, திரையில் எல்லாமே தமிழில் இருக்க வேண்டும்.

அரைக்கிறுக்கு | சனி, இரவு 9.31

எதற்கு இந்தப் பாடு? ஃபிளாஸ்க் என்ற வலைத்தளக் கருவியை எடுத்து உலாவியில் ஒரு படிவம் போட்டுக் கொடுங்கள். சாளர நிரல் எழுதுவதெல்லாம் என் அண்ணன் காலத்தோடு போயிற்று.

நூலகத் தூசி | சனி, இரவு 10.05

ஒரே கடை, ஒரே கணினி, ஒரே மாமா. அதற்கு ஒரு வழங்கி, ஒரு உலாவி, நடுவில் ஒரு முகவரி. கூட்டம் நிற்கும்போது மாமா அந்தத் தாவலை மூடிவிட்டு "பில் காணோம்" என்று போன் செய்வார். நானும் ஒரு மருந்துக் கடைக்கு இப்படிச் செய்து கொடுத்து, ஆறு மாதம் அந்தப் போனை எடுத்தவள்.

தம்பி, டிகின்டரில் தொடங்குங்கள். அழகுக்காகச் சொல்லவில்லை, அது பைத்தானோடு கூடவே வருகிறது என்பதற்காகச் சொல்கிறேன். விண்டோஸில் தனியாக எதையும் நிறுவ வேண்டாம். உபுண்டு, டெபியன் வகையறாவில் மட்டும் பைத்தான்3-டிகே என்ற பொதியைத் தனியே நிறுவ வேண்டும். ஜான் ஆஸ்டர்ஹவுட் என்ற பேராசிரியர் பெர்க்லியில் டிசிஎல் மொழிக்காக 1990 வாக்கில் எழுதிய டிகே கருவித்தொகுதிதான் அடியில் இருக்கிறது. டிகின்டர் அதன்மேல் பைத்தான் போட்ட திண்ணை.

எதை எடுத்தாலும் முதலில் புரிய வேண்டியது ஒன்று உண்டு. நீங்கள் இதுவரை எழுதிய நிரல்களில் கேட்பது நிரல், பதில் சொல்வது மனிதர். பெயர் என்ன, எத்தனை அண்டா, எத்தனை நாள் என்று நிரல் வைத்ததுதான் வரிசை. சாளர நிரலில் இது தலைகீழாகிவிடும். மனிதர் எதை வேண்டுமானாலும் எந்த வரிசையிலும் தொடுவார், தொகையைத் தட்டிவிட்டுப் பெயருக்கு வருவார், பாதியில் சாளரத்தை இழுத்துப் பெரிதாக்குவார். நிரல் கல்லாவில் உட்கார்ந்திருக்கும் ஆள்போல வாசலையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். வருகிறவர் என்ன கேட்டால் என்ன செய்வது என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லி வைக்கிறோம். நிரலின் கடைசி வரியில் "மெயின்லூப்" என்று எழுதுவது, கடையைத் திறந்தாயிற்று, இனி உட்கார் என்று அந்த ஆளுக்குச் சொல்வதுதான்.

முதல் நாளில் பில் வேண்டாம். ஒரு சாளரம், ஒரு பொத்தான், அழுத்தினால் ஒன்று கூடும் ஓர் எண். இதைச் செய்துவிட்டு வந்து சொல்லுங்கள். கோப்புக்கு மட்டும் டிகின்டர் என்று பெயர் வைத்துவிடாதீர்கள். பைத்தான் நிஜ டிகின்டருக்குப் பதிலாக உங்கள் கோப்பையே இறக்குமதி செய்துகொண்டு முழிக்கும்.

பாத்திரக்கடை மருமகன் | ஞாயிறு, காலை 7.50

கோப்புக்கு அந்தப் பெயரைத்தான் வைத்திருந்தேன். அரை மணி நேரம் போயிற்று. இப்போதுதான் உங்கள் பதிவின் கடைசி வரியைப் படித்தேன்.

பெயரை மாற்றியதும் சாளரம் வந்தது. ஆனால் விசித்திரம்: நான் பொத்தானைத் தொடுவதற்கு முன்பே எண் 1 ஆகிவிடுகிறது. பிறகு எத்தனை முறை அழுத்தினாலும் 1 தான்.

வடகரை | ஞாயிறு, காலை 8.22

கமாண்ட் என்ற இடத்தில் செயற்கூற்றின் பெயரை அடைப்புக்குறியோடு எழுதியிருப்பீர்கள். கூட்டு() என்றால் "இப்போதே கூட்டு". வெறும் கூட்டு என்றால் "இந்த ஆளிடம் சொல்ல வேண்டும்" என்று முகவரி கொடுப்பது. நீங்கள் எழுதியதில் பொத்தான் உருவாகும்போதே கூட்டி முடித்துவிட்டது. அது திருப்பித் தந்த ஒன்றுமில்லாததை, நன் என்பதை, பொத்தானிடம் கொடுத்துவிட்டீர்கள். அடைப்புக்குறியை எடுங்கள்.

பைத்தான் 3-ல் மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம் என்பது தெரியும் அல்லவா? பொருள், தொகை, நாள்கள் என்று எழுதினால் ஓடும். என் கடைசி இரண்டு நிரல்களும் அப்படித்தான். அலுவலகத்தில் காட்டினால் முறைக்கிறார்கள், வீட்டு நிரலுக்கு யார் கேட்கப்போகிறார்கள்.

பாத்திரக்கடை மருமகன் | ஞாயிறு, பிற்பகல் 3.40

ஓடுகிறது! தமிழ்ப் பெயர்களும் ஓடுகின்றன. பிற்பகலுக்குள் பில்லுக்கான சாளரத்தையே பாதி எழுதிவிட்டேன். பெயர், ஊர், பொருள் பட்டியல், மொத்தத் தொகை. இரண்டு சிக்கல்கள்.

ஒன்று. "சேமித்தாயிற்று" என்று மூன்று விநாடி காட்டிவிட்டு அழிக்க வேண்டும். டைம் ஸ்லீப் 3 என்று போட்டேன். செய்தி தெரிவதே இல்லை, மூன்று விநாடிக்குச் சாளரம் மரக்கட்டைபோல நிற்கிறது. அவசரப்பட்டு நாலு முறை தட்டினால் "பதிலளிக்கவில்லை" என்று விண்டோஸ் சொல்கிறது.

இரண்டு. பொருள்களின் பட்டியலை ஒரு ஃபார் சுழலில் ஓட்டி ஒவ்வொன்றுக்கும் ஒரு பொத்தான் போட்டேன். பன்னிரண்டு பொத்தான்களும் சரியான பெயரோடு வந்துவிட்டன. எதை அழுத்தினாலும் பில்லில் ஷாமியானாதான் ஏறுகிறது. அண்டாவை அழுத்தினாலும் ஷாமியானா, கரண்டியை அழுத்தினாலும் ஷாமியானா.

அரைக்கிறுக்கு | ஞாயிறு, பிற்பகல் 3.58

மாமாவுக்கு லாபமான பிழை. ஷாமியானா வாடகைதானே அதிகம்? அப்படியே விட்டுவிடுங்கள்.

நூலகத் தூசி | ஞாயிறு, மாலை 5.15

முதல் சிக்கலுக்குப் பழைய கல்லா ஆளையே கூப்பிடுகிறேன். கடையில் இருப்பது அவர் ஒருவர்தான். அவரைப் பார்த்து "மூன்று விநாடி தூங்கு" என்று சொல்லிவிட்டீர்கள். தூங்குகிறவர் வாசலைப் பார்ப்பாரா? சாளரத்தில் எழுத்தை மாற்றி வரைவதும் அவர் வேலைதான். "சேமித்தாயிற்று" என்ற பலகையை மாட்டச் சொன்ன அடுத்த நொடியே தூங்கச் சொன்னதால், மாட்டுவதற்கே அவர் எழுந்திருக்கவில்லை.

தூங்கச் சொல்லாதீர்கள், நினைவூட்டச் சொல்லுங்கள். ஆஃப்டர் என்று ஒன்று இருக்கிறது. அதனிடம் 3000 என்ற எண்ணையும் செய்தியை அழிக்கும் செயற்கூற்றின் பெயரையும் கொடுங்கள். 3000 என்பது மில்லிவிநாடி. கல்லா ஆள் அதைக் குறித்துக்கொண்டு தம் வேலையைப் பார்ப்பார், நேரம் வந்ததும் அழிப்பார். இதுவும் அடைப்புக்குறி இல்லாமல்தான்.

நிஜமாகவே நேரம் பிடிக்கும் வேலை வந்தால், ஆண்டுக் கணக்கு முழுவதையும் பென்டிரைவில் நகலெடுப்பது மாதிரி, அதைத் தனி இழையில், அதாவது குடோனுக்கு அனுப்பிய வேறொரு ஆளிடம் விடலாம். ஆனால் குடோன் ஆள் கல்லாவைத் தொடக் கூடாது. வேறு இழையிலிருந்து சாளரத்தின் எழுத்தையோ பொத்தானையோ மாற்றாதீர்கள். சில நாள் நன்றாக ஓடும், கூட்டம் உள்ள நாளில் விழும்.

வடகரை | ஞாயிறு, மாலை 5.47

ஷாமியானாவுக்கு நான். லேம்டாவுக்குள், அதாவது அந்தப் பெயரில்லாக் குட்டிச் செயற்கூற்றுக்குள், பொருள்கள்[எண்] என்று எழுதியிருக்கிறீர்கள், சரிதானே? லேம்டா அந்த எண்ணின் மதிப்பைப் பிடித்து வைப்பதில்லை, "எண் என்ற பெயர் அப்போது எதைக் குறிக்கிறதோ அது" என்று மட்டும் நினைவில் வைக்கிறது. நீங்கள் அழுத்தும் நேரத்தில் சுழல் எப்போதோ முடிந்து, எண் கடைசிப் பொருளில் நிற்கிறது. கடைசிப் பொருள் ஷாமியானா.

லேம்டா எண்=எண் என்று எழுதுங்கள். முன்னிருப்பு மதிப்பு லேம்டா பிறக்கும் கணத்திலேயே கணிக்கப்படும், ஆகவே ஒவ்வொரு பொத்தானும் தன் எண்ணோடு போகும். பார்க்க அசட்டுத்தனமாகத்தான் இருக்கும், எல்லோரும் இப்படித்தான் எழுதுகிறோம்.

ஒரே சட்டகத்துக்குள் பொத்தான்களை அடுக்கும் பேக், கிரிட் என்ற இரண்டு முறைகளையும் கலக்காதீர்கள். டிகே 8.6 பிழை சொல்லி நின்றுவிடுகிறது. அதற்கு முந்தைய பதிப்புகளில் இரண்டும் இடத்துக்கு மல்லுக்கட்டி, சாளரம் வரவே வராது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் நான் அதற்குக் கொடுத்திருக்கிறேன்.

பாத்திரக்கடை மருமகன் | வியாழன், இரவு 8.30

இரண்டும் சரியாயின. கணக்கை எஸ்க்யூலைட் என்ற தரவுத்தளத்தில் சேமிக்கிறேன், அதுவும் பைத்தானோடு வந்துவிடுகிறது. நேற்று என் மடிக்கணினியில் மாமாவிடம் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "எழுத்தைப் பெரிசாக்கு" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. அவரிடமிருந்து அதுவே பாராட்டு.

இன்று கடைக் கணினியில் போட்டேன். தலையில் கல் விழுந்ததுபோல் ஆகிவிட்டது. என் மடிக்கணினி விண்டோஸ். கடைக் கணினி பழையது, அத்தை மகன் அதில் லினக்ஸ் மின்ட் போட்டு வைத்திருக்கிறான். அங்கே நிரல் ஓடுகிறது, ஆனால் தமிழ் சிதறிக் கிடக்கிறது. கொப்பரையில் ஐகாரக் கொம்பு ரகரத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் நிற்கிறது. குத்துவிளக்கில் ககரம் தனி, உகரக் குறி தனி. மாமா பார்த்துவிட்டு, "என்னப்பா, கொப்பரை உடைஞ்சு போச்சா?" என்று கேட்டார்.

குமிழ்விளக்கு | வியாழன், இரவு 8.52

எழுத்துரு இல்லை. லோகித் தமிழ் அல்லது நோட்டோ சான்ஸ் தமிழ் நிறுவுங்கள், சரியாகிவிடும்.

பாத்திரக்கடை மருமகன் | வியாழன், இரவு 9.40

இரண்டையும் நிறுவினேன். மீரா இனிமையும் போட்டுப் பார்த்தேன். எழுத்தின் வடிவம் மாறுகிறது, சிதறல் அப்படியே இருக்கிறது.

வடகரை | வியாழன், இரவு 10.20

எழுத்துருவின் குற்றம் இல்லை இது. எழுத்துரு இல்லையென்றால் கட்டம் கட்டமாகத் தெரியும். உங்களுக்கு எழுத்துகள் தெரிகின்றன, இடம்தான் மாறி நிற்கின்றன. ஒரு சோதனை: அதே கடைக் கணினியில் ஃபயர்பாக்ஸில் ஒரு தமிழ்ச் செய்தித்தாளைத் திறங்கள். அங்கே சரியாக இருக்கும் என்று பந்தயம் கட்டுகிறேன்.

காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். தமிழில் கணினி எழுதப் போகிற எல்லோரும் ஒருநாள் இந்தப் பள்ளத்தில் விழுகிறார்கள்.

"கொப்பரை" என்பது நம் கண்ணுக்கு நான்கு எழுத்து: கொ, ப், ப, ரை. பைத்தானிடம் நீளம் கேட்டால் 7 என்று சொல்லும். யூனிகோடில் அது க, ஒகரக் குறி, ப, புள்ளி, ப, ர, ஐகாரக் குறி என்று வரிசையாகக் கிடக்கிறது. சேமிப்பில் ஐகாரக் குறி ரகரத்துக்குப் பின்னால்தான் இருக்கிறது, உச்சரிக்கும் வரிசை அது. திரையில் அதை ரகரத்துக்கு முன்னால் தூக்கிப்போட வேண்டும், ஒகரக் குறியைப் பிளந்து ககரத்தின் இரு பக்கமும் நிறுத்த வேண்டும், ககரத்தையும் உகரத்தையும் இணைத்து "கு" என்ற ஒரே உருவமாக்க வேண்டும். எழுத்துருவுக்குள் இதற்கான விதிகள் இருக்கின்றன. ஆனால் அவற்றைப் படித்து நடத்தி வைக்க ஒருவர் வேண்டும். அச்சுக்கோப்பவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். எழுத்துப் பெட்டி எவ்வளவு நல்லதானாலும் கோப்பவர் இல்லாமல் பக்கம் வராது.

லினக்ஸில் பெரும்பாலான நிரல்களுக்கு அந்தக் கோப்பவர் ஹார்ஃபபஸ் என்ற நிரலகம். ஃபயர்பாக்ஸ், குரோம், லிப்ரே ஆபிஸ், ஆண்ட்ராய்டு எல்லாம் அதனிடம்தான் போகின்றன. பெயர் பாரசீக மொழி: ஹர்ஃப் என்றால் எழுத்து, பாஸ் என்றால் திறந்த. லினக்ஸில் டிகே 8.6 இந்தக் கோப்பவரிடம் போவதே இல்லை. ஒவ்வொரு குறியையும் கிடக்கிற வரிசையிலேயே தட்டச்சுப்பொறிபோல ஒன்றன்பின் ஒன்றாக அடித்துவிடுகிறது. விண்டோஸில் இந்த வேலையை இயங்குதளமே செய்து கொடுப்பதால் உங்கள் மடிக்கணினியில் தெரியவில்லை.

ஆகவே கடைக் கணினியில் லினக்ஸ்தான் என்றால் டிகின்டருக்கு இங்கேயே கும்பிடு போடலாம். அதில் கற்றது எதுவும் வீணில்லை.

நூலகத் தூசி | வியாழன், இரவு 10.41

என் மேல்தான் தப்பு. "எல்லாமே தமிழில்" என்று முதல் பதிவிலேயே எழுதியிருந்தீர்கள். எந்தக் கணினியில் ஓடப் போகிறது என்று நான் கேட்டிருக்க வேண்டும். மருந்துக் கடை நிரல் ஆங்கிலத்தில் இருந்ததால் எனக்கு இது உறைக்கவே இல்லை.

இனி யார் கேட்டாலும் இதைத்தான் சொல்வேன்: கருவித்தொகுதியைத் தேர்ந்தெடுக்கும் முன் ஓடவேண்டிய கணினியிலேயே "குத்துவிளக்கு, கொப்பரை, ஸ்ரீரங்கம்" என்று ஒரு சாளரத்தில் எழுதிப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை.

குமிழ்விளக்கு | வெள்ளி, காலை 6.35

எழுத்துரு விஷயத்தில் அவசரப்பட்டுவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பதிலுக்கு ஒரு நல்ல யோசனை: ஜிடிகே. அதில் பேங்கோ, ஹார்ஃபபஸ் இரண்டும் உள்ளேயே இருப்பதால் தமிழ் தங்கமாக வரும். இன்னொன்று, கடைக் கணினியில் மின்ட் இருக்கிறதே, மின்ட்டின் சொந்தக் கருவிகள் பலவும் பைத்தானிலும் ஜிடிகேயிலும் எழுதப்பட்டவை. ஆகவே ஜிடிகேயைப் பைத்தானோடு இணைக்கும் பைஜிஆப்ஜெக்ட் அங்கே ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும். எதையும் இறக்க வேண்டாம்.

ஜிடிகே பிறந்த கதையும் நம் மாதிரி மாணவர்களின் கதைதான். பெர்க்லியில் படித்த ஸ்பென்சர் கிம்பல், பீட்டர் மாட்டிஸ் என்ற இருவர் கிம்ப் என்ற பட நிரலை எழுதினார்கள். அப்போது மோட்டிஃப் என்ற கருவித்தொகுதி காசு கொடுத்து வாங்க வேண்டியது. அது பிடிக்காமல் தங்களுக்கென்று ஒன்றை எழுதிக்கொண்டார்கள், அதுதான் ஜிடிகே. டிகேயும் அதே பெர்க்லிதான்.

வடகரை | வெள்ளி, காலை 7.18

கடைக்கு மட்டும் என்றால் நானும் ஜிடிகேதான் சொல்வேன். ஆனால் தம்பி நிரல் எழுதுவது விண்டோஸ் மடிக்கணினியில். அங்கே பைஜிஆப்ஜெக்ட் வேண்டுமானால் எம்சிஸ்2 என்று ஒரு தனிக் குடித்தனமே வைக்க வேண்டும். முதல்முறை சாளர நிரல் எழுதுகிறவரை அதில் தள்ளினால் பில் நிரலை மறந்துவிட்டு நிறுவுவதிலேயே தைப்பொங்கல் வந்துவிடும். க்யூட்டி கருவித்தொகுதியைப் பைத்தானோடு இணைக்கும் பைசைடு6, பொதிகளை நிறுவும் பிப் கட்டளை ஒன்றில் இரண்டு பக்கமும் வரும். க்யூட்டிக்குள்ளும் ஹார்ஃபபஸ் இருக்கிறது.

அரைக்கிறுக்கு | வெள்ளி, காலை 9.02

பைக்யூட்டியா, பைசைடா? இரண்டும் க்யூட்டிதான் என்கிறார்கள். ஏன் இரண்டு?

வடகரை | வெள்ளி, பிற்பகல் 1.10

உரிமம். க்யூட்டி நார்வேயில் பிறந்தது. ஹாவார்ட் நூர்ட், எய்ரிக் சாம்பே-எங் என்ற இருவர் 1991-ல் எழுதத் தொடங்கி, 1994-ல் நிறுவனம் அமைத்து, 1995-ல் வெளியிட்டார்கள். க்யூ என்ற எழுத்து நூர்ட் நிரல் எழுதிய ஈமாக்ஸ் தொகுப்பியின் எழுத்துருவில் பார்க்க அழகாக இருந்ததாம், அதனால் அந்தப் பெயர். அவர்கள் அதை "கியூட்" என்று ஒரே சொல்லாகச் சொல்வார்கள், நாம் க்யூட்டி என்றே பழகிவிட்டோம்.

டிரோல்டெக் என்ற அந்த நிறுவனத்தை 2008-ல் நோக்கியா வாங்கியது. அடுத்த ஆண்டு க்யூட்டி 4.5-ஐ எல்ஜிபிஎல் என்ற தளர்வான உரிமத்திலும் கொடுத்தது. அப்போது பைத்தானுக்கு இருந்தது ரிவர்பேங்க் நிறுவனத்தின் பைக்யூட்டி. அது ஜிபிஎல், அதாவது நிரலை விற்றால் மூல நிரலையும் கொடுக்கச் சொல்லும் உரிமம், அல்லது காசு. உரிமத்தைத் தளர்த்த ரிவர்பேங்குடன் உடன்பாடு வராததால், நோக்கியா 2009-ல் தன் பங்குக்கு பைசைடு என்று ஒன்றை எழுதியது. இன்று அதைக் க்யூட்டி நிறுவனமே பராமரிக்கிறது. மாமா கடைக்கு எதை எடுத்தாலும் வழக்கு வராது. நாளை இதே நிரலை நாலு கடைக்கு மூல நிரல் கொடுக்காமல் விற்க ஆசை வந்தால் பைசைடு தலைவலி குறைவு. நிரல் எழுதும் முறையில் இரண்டும் ஏறத்தாழ இரட்டைப் பிள்ளைகள்.

பாத்திரக்கடை மருமகன் | சனி, இரவு 11.25

என் மடிக்கணினியில் பைசைடு6 ஒரே கட்டளையில் வந்துவிட்டது. கடைக் கணினியில் பிப் நகரவே மாட்டேன் என்கிறது. "வெளியிலிருந்து நிர்வகிக்கப்படும் சூழல்" என்ற பொருளில் ஒரு நீண்ட பிழைச் செய்தி. அதன் அடியிலேயே, கணினியை உடைக்கத் துணிந்தால் இந்தச் சொல்லைச் சேர்த்துக்கொள் என்று ஒரு வழியும் போட்டிருக்கிறது. சேர்க்கலாமா?

நூலகத் தூசி | ஞாயிறு, காலை 6.10

சேர்க்காதீர்கள். மின்ட்டின் கருவிகளே பைத்தானில் எழுதப்பட்டவை என்று மேலே குமிழ்விளக்கு சொன்னார் அல்லவா? அதன் பைத்தானுக்குள் நீங்கள் பொதிகளைத் திணித்தால் ஏதாவது ஒன்று அடிபடும், அதனால்தான் அந்தப் பூட்டு. வென்வ் என்ற மெய்நிகர் சூழலை நிரலின் கோப்புறைக்குள் உருவாக்கி, அதற்குள் நிறுவுங்கள். பைத்தான்3-வென்வ் பொதி இல்லையென்றால் முதலில் அது.

முழு பைசைடு6 நூற்றுக்கணக்கான மெகாபைட். உங்களுக்கு வேண்டியது பொத்தானும் அட்டவணையும்தான், பைசைடு6-எசென்ஷியல்ஸ் போதும். கணினி பழையது என்கிறீர்கள், அது 64 பிட் தானா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். 32 பிட்டுக்கு பைசைடு6 கிடையாது.

பாத்திரக்கடை மருமகன் | ஞாயிறு, பகல் 12.30

64 பிட்தான். நிறுவினேன். ஓட்டினால் எக்ஸ்சிபி என்ற செருகியை ஏற்ற முடியவில்லை என்று சொல்லி நிரல் செத்துவிடுகிறது.

வடகரை | ஞாயிறு, பகல் 12.44

க்யூட்டி 6.5 முதல் லிப்எக்ஸ்சிபி-கர்சர்0 என்ற பொதி கட்டாயம். மின்ட்டின் பொதி நிறுவியான ஏபிடி வழியாக நிறுவுங்கள். பிழைச் செய்தியிலேயே அந்தப் பெயர் இருக்கும், மூன்றாவது நான்காவது வரியில். யாரும் அதுவரை படிப்பதில்லை, நானும்தான்.

பாத்திரக்கடை மருமகன் | ஞாயிறு, இரவு 7.15

வந்துவிட்டது! கொப்பரை முழுசாக நிற்கிறது. குத்துவிளக்கும் ஏற்றிவிட்டேன்.

டிகின்டர் நிரலை அப்படியே மாற்றி எழுதுகிறேன். கமாண்டுக்குப் பதிலாக கிளிக்டு கனெக்ட், ஆஃப்டருக்குப் பதிலாக க்யூடைமர் சிங்கிள்ஷாட், மெயின்லூப்புக்குப் பதிலாக எக்ஸெக். பெயர்தான் வேறு, அதே கல்லா ஆள். ஒன்று மட்டும் தலையைப் பிய்க்க வைக்கிறது. வடகரை சொன்ன லேம்டா எண்=எண் என்பதை அப்படியே கொண்டுவந்தேன். இப்போது எதை அழுத்தினாலும் அண்டா ஏறுகிறது. முன்பு எல்லாமே ஷாமியானா, இப்போது எல்லாமே அண்டா.

அரைக்கிறுக்கு | ஞாயிறு, இரவு 7.21

அண்டாவுக்கு வாடகை எவ்வளவு?

வடகரை | ஞாயிறு, இரவு 8.03

இந்த இழையிலேயே எனக்கு மிகவும் பிடித்த பிழை இதுதான். உங்கள் பட்டியலில் முதல் பொருள் அண்டா, அல்லவா?

க்யூட்டியின் கிளிக்டு என்ற சமிக்ஞை வெறுங்கையோடு வருவதில்லை. பொத்தான் அழுந்திய நிலையில் நிற்கிறதா இல்லையா என்ற ஒரு மதிப்பையும் கையில் கொண்டுவரும். சாதாரணப் பொத்தானுக்கு அது எப்போதும் ஃபால்ஸ். உங்கள் லேம்டாவில் ஒரு காலியிடம் தெரிகிறது, எண் என்று. கொண்டுவந்ததை அங்கே வைத்துவிடுகிறது. நீங்கள் பத்திரமாக எழுதி வைத்த 3, 7, 11 எல்லாம் போய் எண் ஃபால்ஸ் ஆகிவிட்டது. பைத்தானில் ஃபால்ஸ் என்பது 0-க்குச் சமம். பொருள்கள்[0] என்றால் அண்டா. பிழைச் செய்திகூட வராது, அதுதான் இதன் விஷமம்.

லேம்டா நிலை, எண்=எண் என்று முன்னால் ஓர் இடம் விட்டு எழுதுங்கள். வருகிற ஃபால்ஸ் அங்கே உட்காரட்டும்.

குமிழ்விளக்கு | ஞாயிறு, இரவு 8.40

க்யூட்டி டிசைனர் என்று ஒன்று இருக்கிறதே, பொத்தான்களை இழுத்து வைத்தே சாளரம் செய்யலாமே? யாரும் சொல்லவில்லை?

நூலகத் தூசி | ஞாயிறு, இரவு 9.12

இருக்கிறது, நல்ல கருவி, ஆனால் முதல் மாதம் வேண்டாம். நான் விஷுவல் பேசிக் 6-ல் பழகியவள். பொத்தானைக் கண்ணளவில் இழுத்து வைத்துவிட்டு, சாளரத்தைப் பெரிதாக்கினால் எல்லாம் இடது மூலையிலேயே ஒண்டி நிற்பதை ஐந்து வருடம் பார்த்தேன். லேஅவுட் என்பது என்னவென்று எனக்குக் கையால் எழுதியபோதுதான் விளங்கியது: இன்ன இடத்தில் நில் என்று புள்ளிக்கணக்கு சொல்வதை விட்டுவிட்டு, இவனுக்குப் பக்கத்தில் இவன், மீதி இடமெல்லாம் பட்டியலுக்கு என்று உறவு சொல்வது. மாமா எழுத்தைப் பெரிசாக்கச் சொன்னாரே, புள்ளிக்கணக்கில் வைத்த சாளரம் அன்றைக்கே கிழிந்திருக்கும். தமிழ்ச் சொற்கள் நீளமும்கூட. சேவ் என்றால் நான்கு எழுத்து அகலம், "சேமிக்கவும்" வைத்துப் பாருங்கள்.

பாத்திரக்கடை மருமகன் | புதன், இரவு 9.50

செவ்வாய்க்கிழமை முதல் கடையில் ஓடுகிறது. எழுத்து அளவு 16.

முதல் நாளே ஒரு புகார். தேடல் பெட்டியில் கொப்பரை என்று தட்டினால் சில பில்கள் வருகின்றன, சில வருவதில்லை. கண்ணுக்கு இரண்டு கொப்பரையும் ஒன்றுதான்.

வடகரை | புதன், இரவு 10.15

ஒகரக் குறியை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ஒரே குறியாக, அல்லது எகரக் கொம்பு, கால் என்று இரண்டாக. திரையில் வித்தியாசம் தெரியாது, ஒப்பிட்டால் வேறு வேறு. பொருள் பட்டியலை நீங்கள் ஒரு விசைப்பலகையில் அடித்திருப்பீர்கள், கடையில் வேறு. யூனிகோடுடேட்டா என்ற தொகுதியில் நார்மலைஸ் இருக்கிறது, என்எஃப்சி என்று கொடுத்தால் இரண்டையும் ஒன்றாக்கித் தரும். சேமிக்கும்போதும் தேடும்போதும் அதன் வழியாகவே அனுப்புங்கள். ஏற்கெனவே ஏறிய பில்களையும் ஒருமுறை ஓட்டிவிடுங்கள்.

பாத்திரக்கடை மருமகன் | வெள்ளி, இரவு 8.05

தேடல் சரியாயிற்று. மாமா அடுத்துக் கேட்டது: ஒரு பெட்டியில் அடித்துவிட்டு எண்டர் தட்டினால் அடுத்த பெட்டிக்குப் போக வேண்டும், சுட்டியைத் தொட அவருக்கு எரிச்சல். ரிட்டர்ன்பிரஸ்டு என்ற சமிக்ஞையை நானே ஆவணத்தில் தேடிப் பிடித்து அடுத்த பெட்டியின் செட்ஃபோகஸோடு இணைத்தேன். இந்த முறை அடைப்புக்குறி போடவில்லை.

இன்று ஒரு நிச்சயதார்த்தத்துக்கு நாற்பது நாற்காலி, இரண்டு அண்டா. மாமாவே பில் போட்டார். போட்டு முடித்துவிட்டு, பேரேட்டைத் திறந்து அதிலும் ஒருமுறை எழுதிக்கொண்டார்.